பூல் ரேட்டிங் செயலி, இரண்டாம் பதிப்பு: சூத்திரத்தை மாற்றணுமா, ஸ்கோர் வந்து சேரும் வழியை மாற்றணுமா?

மூலைபாக்கெட் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் பூல் (கியூ என்ற கோலால் பந்துகளைக் குழியில் தள்ளும் மேசை ஆட்டம்) லீக்கின் ரேட்டிங் செயலிக்கு இரண்டாம் பதிப்பை எழுத ஆரம்பிக்கிறோம். இப்போது உள்ளே ஓடுவது சதுரங்கத்திலிருந்து அப்படியே எடுத்த எலோ கணக்கு, எதிராளியின் பலத்தைப் பொறுத்துப் புள்ளியைக் கூட்டிக் கழிக்கும் முறை. மேட்ச் ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும், கே மதிப்பு (ஒரு மேட்சில் அதிகபட்சம் மாறக்கூடிய புள்ளி) 32.

புகார்கள் பெரும்பாலும் இவைதான். கடைசி ரேக் (பந்துகளை அடுக்கி ஆடும் ஒரு கேம்) வரை இழுத்து 7–6 என்று தோற்றவருக்கும் 7–0 என்று துடைத்தெறியப்பட்டவருக்கும் ஒரே இறக்கம். வேறு ஊர் ஆட்கள் வந்து ஆடினால் எண்கள் பொருந்துவதே இல்லை. பெரிய போட்டிக்கு முன்னால் சிலர் ரேட்டிங்கை இறக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அமெரிக்க லீக்குகளில் பரவலாகப் புழங்கும் ஃபார்கோரேட் மாதிரி மாற்றலாம் என்று ஒரு தரப்பு, கிளிக்கோ-2 (ரேட்டிங்கின் நிச்சயமின்மையையும் சேர்த்துக் கணக்கிடும் எலோ வகை முறை) போதும் என்று இன்னொரு தரப்பு. முதலில் எதைத் தொடலாம்?

மடக்கை

முதலில் மேட்சை எண்ணுவதை நிறுத்திவிட்டு கேமை எண்ணுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஒரு கேமில் ஜெயிக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு உள்ள ஆட்டக்காரர் 5-க்கு ரேஸ் (முதலில் 5 கேம் எடுப்பவருக்கு மேட்ச்) ஆடினால் மேட்ச் ஜெயிக்கும் வாய்ப்பு 85.5 சதவீதம். அதே எதிராளியோடு 7-க்கு ரேஸ் ஆடினால் 89.6. எலோ அளவில் முதலாவது சுமார் 308 புள்ளி வித்தியாசம், இரண்டாவது 375. ஆள் மாறவில்லை, திறமை மாறவில்லை, ரேஸின் நீளம்தான் மாறியிருக்கிறது. லீக்கில் 5, வாரக்கடைசிப் போட்டியில் 7, இறுதியாட்டத்தில் 9 என்று கலந்து கொட்டினால் எந்த எலோவும் தாங்காது. கிளிக்கோ-2-க்குப் போனாலும் மேட்சையே ஊட்டினால் இதே கதிதான். கேமாக எண்ணினால் எல்லா ரேஸுக்கும் ஒரே விடை: 2-க்கு 1.

ஃபார்கோரேட்டின் அளவுகோல் அதன்மேல்தான் நிற்கிறது. அமெரிக்காவின் ஃபார்கோ நகரத்தைச் சேர்ந்த மைக் பேஜ் உருவாக்கியது. 100 புள்ளி வித்தியாசம் என்றால் கேம்கள் 2-க்கு 1, 200 என்றால் 4-க்கு 1. எலோவில் 2-க்கு 1 என்பது 120 புள்ளி. அதனால் பழைய எண்ணைப் புதிய எண்ணோடு ஒப்பிட்டு யாரும் வருத்தப்பட வேண்டாம் என்று முதல் திரையிலேயே எழுதிவையுங்கள்.

அடியில் இருக்கும் மாதிரி பிராட்லி, டெரி இருவரும் 1952-ல் கொடுத்தது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு வலு எண். அவர் ஜெயித்த மொத்த கேம்களை ஒரு கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். அந்தக் கூட்டுத்தொகை: ஒவ்வொரு எதிராளிக்கும், இருவரும் ஆடிய கேம்களை இருவரின் வலுக்களின் கூட்டலால் வகுத்தது. வரும் விடைதான் புதிய வலு. எல்லாருக்கும் இதைச் செய்து, எண்கள் அசையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். வலுவின் 2-அடி மடக்கையை (log₂) 100-ஆல் பெருக்கினால் ரேட்டிங். 3,000 பேர், ஒரு லட்சம் கேம் என்றாலும் சாதாரண சர்வரில் நொடிக்கணக்கில் முடிகிற வேலை.

ஒரு பொறி உண்டு. 10–0 என்று ஜெயித்தவரின் வலு முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகும். அதற்கு ஒவ்வொருவருக்கும் தொடக்க ரேட்டிங்கில் ஒரு கற்பனை எதிராளியோடு 20 கேம், 10–10 என்று சேர்த்துவிடுங்கள். தொடக்கம் 500, எதிராளியும் 500 என்றால் மொத்தம் 20–10, அதாவது 600. நியாயமான எண்.

கட்ஷாட்

கணக்கு சரி. ஆனா மேட்ச் முடிஞ்ச உடனே போனை எடுத்துப் பார்ப்பாங்க, எண் அசையணும். ராத்திரி ஓட்டி காலையில காட்டினா செயலியைத் திறக்கிற பழக்கமே போயிடும். இன்னொண்ணு, எல்லாரையும் ஒண்ணா பொருத்தினா, ஆடாம வீட்ல இருக்கறவருக்கும் எண் மாறும். “நான் கியூவையே தொடலை, எப்படி 4 புள்ளி இறங்குச்சு?”ன்னு கேள்வி வரும். யார் பதில் சொல்றது?

மூலைபாக்கெட்

உடனே காட்டுவதற்குத் தற்காலிக மதிப்பீடு ஒன்று சாம்பல் நிறத்தில் வரும். அந்த ஒருவரை மட்டும், மற்றவர்களை அசைக்காமல் பொருத்திப் பார்ப்பது. இரவு முழுக் கணக்கு ஓடியதும் கறுப்பு எண்ணாக மாறும்.

இரண்டாவது கேள்விக்கு “ஏன் மாறியது” என்று ஒரு திரை. மாற்றத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டலாம்: உங்கள் புது கேம்கள், உங்கள் பழைய எதிராளிகளின் எண் மாறியது, நாளாக ஆகப் பழைய கேம்களின் எடை குறைந்தது. அதற்கு இரவில் கணக்கை மூன்று தடவை ஓட்டினால் போதும். முதல் தடவை நேற்றைய தேதியும் நேற்றைய கேம்களும். இரண்டாவது இன்றைய தேதி, ஆனால் புது கேம் இல்லாமல். மூன்றாவது எல்லாம் சேர்த்து. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம் எடைக் குறைவால் வந்தது. மிச்சத்தில் சொந்த கேம் எவ்வளவு, எதிராளிகளால் எவ்வளவு என்பது தற்காலிக மதிப்பீட்டிலிருந்தே கிடைத்துவிடும்.

ரேக்மாஸ்டர்

சூத்திரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். உள்ளே வரும் ஸ்கோரே தவறாக இருந்தால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது. போட்டி நடத்துகிற மேசையில் தினமும் நடப்பது இது.

ஹேண்டிகேப் மேட்ச். 7-க்கு ரேஸ், பலவீனமானவருக்கு 3 கேம் முன்கூட்டியே கொடுத்தாயிற்று. ஸ்கோர்போர்டில் 0–3 என்று வைத்துத் தொடங்குவார்கள். மேட்ச் முடியும்போது போர்டில் 7–6. தாளிலும் 7–6. செயலியிலும் 7–6. ஆனால் மேசையில் நடந்தது 7–3. இல்லாத மூன்று கேமை அந்த ஆட்டக்காரர் ஜெயித்ததாகக் கணக்கில் ஏறிவிட்டது. இதே மேட்சை இன்னொரு அமைப்பாளர் ‘7-க்கும் 4-க்கும் ரேஸ்’ (பலமானவருக்கு 7 கேம் வேண்டும், மற்றவருக்கு 4 போதும்) என்று வைத்தால் 7–3 என்று சரியாகப் பதிவாகும். ஒரே ஹேண்டிகேப், இரண்டு எழுத்துமுறை.

இது போக, பந்து ஸ்பாட் (பலவீனமானவருக்குத் தரும் சலுகை) கொடுத்த மேட்ச்கள். 9-பாலில் (9-ஆம் பந்தைப் போட்டால் ஜெயிக்கும் ஆட்டம்) பலவீனமானவர் 8-ஐப் போட்டாலும் ஜெயிப்பு என்று வைத்தால் அது வேறு ஆட்டம். அதை ரேட்டிங்குக்குள் விடவே கூடாது. வாக்ஓவர் (எதிராளி வராமல் கிடைத்த வெற்றி), ஸ்காட்ச் டபுள்ஸ் (ஜோடியாக மாறி மாறி அடிப்பது), ஷூட்அவுட் (ஒற்றை ஷாட்களில் முடிவு செய்வது) எதுவும் வேண்டாம். 14.1, ஒன்-பாக்கெட் போன்ற வேறு வகை ஆட்டங்களும் வேண்டாம். 8-பால், 9-பால், 10-பால் மூன்றையும் சேர்த்து எண்ணலாம், ஃபார்கோரேட்டும் அப்படித்தான் செய்கிறது. மேசை 7 அடியா 9 அடியா என்று பதிவு செய்துகொள்ளுங்கள். கணக்கில் பிரிக்க வேண்டாம், இருவருக்கும் மேசை ஒன்றுதான். பாதியில் விட்டுப்போன மேட்சில் ஆடிய கேம்களை மட்டும் சேருங்கள். 5–2-ல் எழுந்து போனால் 5–2 தான், 7–2 இல்லை.

மடக்கை

ரேக்மாஸ்டர் சொன்ன மேட்சுக்கு எண் போட்டுப் பார்த்தேன். 7–3 என்பது 122 புள்ளி வித்தியாசத்துக்குச் சமம். 7–6 என்பது 22. ஒரு தவறான தாள், 100 புள்ளி பிழை. அதுவும் ஒரே பக்கமாக: ஸ்பாட் வாங்குகிறவர் எல்லா மேட்சிலும் உயர்த்தப்படுவார், கொடுக்கிறவர் எல்லா மேட்சிலும் இறக்கப்படுவார். கேம்கள் கூடக்கூட இந்தப் பிழை கரையாது. ரேட்டிங் பட்டியலே நடுவை நோக்கி நசுங்கும். அந்த நசுங்கிய எண்ணை வைத்துப் போடும் அடுத்த ஹேண்டிகேப்பும் சிறியதாகிவிடும்.

நீலசாக்

அப்படியானால் பதிவுத் திரையில் ‘தொடக்க ஸ்கோர்’ என்று தனிப் புலம் வேண்டும். இயல்பு 0–0. 0–3 என்று வைத்தால் போர்டு 7–6 காட்டட்டும், சர்வருக்குப் போவது 7–3. இதை ஆட்டக்காரரிடம் கேட்காதீர்கள். போட்டியை உருவாக்கும்போது அமைப்பாளர் ஒருமுறை வைத்துவிட்டால் எல்லா மேட்சுக்கும் அதுவே வரவேண்டும்.

திரையைப் பற்றி இன்னும் கொஞ்சம். விரலில் சாக் பவுடர் இருக்கும், ஒரு கையில் கியூ இருக்கும். பாதித் திரை ஒருவருக்கு, பாதி மற்றவருக்கு. எங்கே தொட்டாலும் ஒரு கேம் ஏறணும். “நிச்சயமா?” என்று கேட்கும் பெட்டி வேண்டாம், பதிலாக கீழே 10 நொடி நிற்கும் ‘திரும்பப் பெறு’ பொத்தான். மேட்ச் நடக்கும்போது திரை அணையக் கூடாது. பூல் அறைகள் பாதி தரைக்குக் கீழேதான் இருக்கும், சிக்னல் வராது. எனவே எல்லாம் முதலில் போனிலேயே சேமிக்கணும், சிக்னல் கிடைத்ததும் போகணும்.

இங்கேதான் இரட்டைப் பதிவு பிறக்கிறது. சிக்னல் விட்டு விட்டு வரும், செயலி இரண்டு முறை அனுப்பும், இரண்டு மேட்சாகப் பதிவாகும். மேட்ச் தொடங்கும் நொடியிலேயே போனில் ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, சர்வர் அந்த எண்ணை ஒரு தடவைக்கு மேல் ஏற்காதபடி வையுங்கள். எதிராளியின் போனும் தன் பங்குக்கு ஒரு மேட்சை உருவாக்காமல் இருக்க, தொடங்கும்போது ஒருவர் திரையில் கியூஆர் கோடு, மற்றவர் அதை ஸ்கேன் செய்வது. இரு போனிலும் ஒரே அடையாளம். இணையம் தேவையில்லை. முடிந்ததும் இருவரும் ஒப்புக்கொண்டால் உடனே கணக்கில் ஏறும். ஒருவர் மட்டும் ஒப்புக்கொண்டால் 48 மணி நேரம் காத்திருந்து ஏறட்டும். மறுத்தால் அமைப்பாளரிடம் போகட்டும், அதுவரை கணக்கில் சேராது.

தேதியில் ஒரு சின்ன வம்பு. நள்ளிரவு தாண்டி முடிகிற மேட்சுகள் ஏராளம். மேட்ச் தொடங்கிய நேரத்தை உலக நேரத்திலும், அந்த இடத்தின் நேர வித்தியாசத்தையும் சேர்த்தே வையுங்கள். போன் கடிகாரத்தை மட்டும் நம்பினால் நேற்றைய லீக் மேட்ச் நாளைக்கு நடந்ததாகக் காட்டும்.

கட்ஷாட்

ஒவ்வொரு ரேக்குக்கும் தட்டுவாங்கன்னு நினைக்கிறீங்களா? மூணாவது ரேக்குக்கு மேல மறந்துடுவாங்க. கடைசியில 7–4ன்னு மொத்தமா போடத்தான் பார்ப்பாங்க.

நீலசாக்

போடட்டும், மொத்த ஸ்கோரை நேராகப் போடும் வழியும் இருக்கும். ரேக் ரேக்காக வந்தால் யார் பிரேக் (ரேக்கின் முதல் அடி) செய்தது என்பதும் கிடைக்கும், அவ்வளவுதான். வராவிட்டால் ரேட்டிங் நின்றுபோகாது.

ஒன்பதாம்பந்து

பிரேக் விஷயம் அவ்வளவு லேசா? மாறி மாறி பிரேக் செய்யும் போட்டிக்கும், ஜெயித்தவரே அடுத்த பிரேக் செய்யும் போட்டிக்கும் ஸ்கோர் வேறு மாதிரி வருமே. ஜெயித்தவர் பிரேக்கில் ஒருவர் வரிசையாக ஐந்து ரேக் ஓட்டிவிட்டுப் போய்விடுவார், மற்றவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். அதை எப்படி ஒரே தராசில் வைப்பது?

மடக்கை

நல்ல கேள்வி. பலருக்கு நம்பக் கஷ்டமான ஒரு உண்மை இருக்கிறது: யார் முதல் பிரேக் என்பது ஒன்றாக இருந்து, ஒரு கேமின் முடிவு யார் பிரேக் செய்தார் என்பதை மட்டும் பொறுத்தது என்றால், ரேஸில் யார் மேட்ச் ஜெயிப்பார் என்ற வாய்ப்பு இரண்டு முறையிலும் ஒன்றேதான். ஸ்கோர்தான் விரிந்தோ சுருங்கியோ வரும்.

நமக்குச் சிக்கல் அந்த ஸ்கோரில். கணக்குக்காக, ஒருவர் தன் பிரேக்கில் 70 சதவீதமும் எதிராளி பிரேக்கில் 60 சதவீதமும் ஜெயிக்கிறார் என்று வையுங்கள். மாறி மாறி பிரேக் செய்தால் அவர் பங்கு 65 சதவீதம், அதாவது 89 புள்ளி. ஜெயித்தவர் பிரேக் என்றால் நீண்ட ஓட்டத்தில் அவர் பங்கு 66.7, அதாவது 100 புள்ளி. பலமானவர் அதிகமாக பிரேக் செய்வதால் வரும் 11 புள்ளி. பிரேக்கின் சாதகம் கூடினால் இந்த இடைவெளியும் கூடும்.

பிரேக் யார் என்று பதிவாகியிருந்தால் பிரேக்குக்கு ஒரு பொதுத் திருத்தம் சேர்த்துப் பொருத்தலாம்: பிரேக் செய்கிறவரின் ரேட்டிங்கோடு இத்தனை புள்ளி கூட்டு என்று, அந்த எண்ணையும் தரவிலிருந்தே கண்டுபிடிக்கலாம். 9-பாலுக்கு ஒன்று, 8-பாலுக்கு ஒன்று, 10-பாலுக்கு ஒன்று. பதிவாகாத மேட்சுகளுக்கு, போட்டியின் பிரேக் முறை மட்டும் தெரிந்தால் சராசரித் திருத்தம். இரண்டும் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். 11 புள்ளிக்காக தரவைத் தூக்கிப்போட வேண்டாம்.

ஒன்பதாம்பந்து

சரி. இரண்டாவது புகாருக்கு யாரும் இன்னும் வரவில்லை. வேறு ஊர்.

ஒரு ஊரில் 40 பேர் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்கிறார்கள். 120 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு 40 பேர். இருவர் மட்டும் எப்போதாவது அங்கும் இங்கும் போய் ஆடுகிறார்கள். முதல் ஊரில் 600, இரண்டாவது ஊரில் 600. இரண்டும் ஒரே 600 என்று செயலி எதை வைத்துச் சொல்கிறது?

மடக்கை

அந்த இருவரை வைத்துத்தான் சொல்கிறது, வேறு எதுவும் இல்லை. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், இது செயலியில் கட்டாயம் வரவேண்டிய விஷயம்.

சம பலமுள்ளவர்களோடு ஆடும்போது, ரேட்டிங்கின் திட்டப்பிழை (எண் சுமாராக எவ்வளவு தள்ளியிருக்கலாம் என்பது) தோராயமாக 288-ஐ கேம்களின் வர்க்கமூலத்தால் வகுத்தது. 50 கேமில் 41 புள்ளி. 200 கேமில் 20. 1,000 கேமில் 9. ஃபார்கோரேட் 200 கேமுக்குப் பிறகுதான் ஒரு ரேட்டிங்கை நிலைத்தது என்று சொல்வதற்கு இப்படி ஒரு நல்ல அடிப்படை இருக்கிறது.

இப்போது அந்த இரண்டு ஊர். இடையில் நடந்தது மொத்தம் 10 கேம் என்றால், ஒரு ஊரின் மொத்தப் பட்டியலும் மற்ற ஊருக்கு எதிராக எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதன் பிழை 91 புள்ளி. 40 கேம் என்றால் 46. 100 கேம் என்றால் 29. இதை ஆட்டக்காரர் பக்கத்தில் பார்க்க முடியாது. அங்கே ‘900 கேம், நம்பகமானது’ என்று பச்சை வட்டம் போட்டிருக்கும். சொந்த ஊருக்குள் அது உண்மை. பக்கத்து ஊரோடு ஒப்பிடும்போது அந்த 900 எதற்கும் உதவாது, இரண்டு ஊரையும் இணைக்கும் பாலமான அந்த 10 கேம்தான் பேசும்.

அதனால் ஒரே ஒரு நம்பக எண்ணைக் காட்டாதீர்கள். இருவரை ஒப்பிடும் திரையில், அந்த இருவரின் வித்தியாசத்துக்கான பிழையைக் காட்டுங்கள். கணக்கு முடிந்ததும் கிடைக்கும் தகவல் அணியின் (மேட்ரிக்ஸ்) நேர்மாறை எடுத்தால் எந்த ஜோடிக்கும் அது வந்துவிடும். 3,000 பேருக்கு ஒன்றும் பெரிய அணி இல்லை.

ரேக்மாஸ்டர்

இதை அமைப்பாளர் திரையிலும் காட்டினால் இன்னும் உதவும். ‘இந்த இரண்டு குழுக்களுக்கும் இடையே 10 கேம்தான்’ என்று தெரிந்தால், அடுத்த திறந்த போட்டியின் முதல் சுற்றில் ஊர் மாற்றி டிரா போட முடியும். 8 பேர் வந்து ஆளுக்கு இரண்டு மேட்ச் ஆடினாலே 150 கேமுக்கு மேல் சேர்ந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

மூலைபாக்கெட்

நல்ல யோசனை, சேர்த்துக்கொள்கிறேன். பாலம் என்றதும் நினைவுக்கு வருவது: அந்தப் பாலமாக இருக்கும் ஆட்களே பெரும்பாலும் இரண்டு கணக்காக இருக்கிறார்கள். ஒரு ஊரில் ‘எஸ். முருகன்’, இன்னொரு ஊரில் ‘முருகன் சுப்ரமணியம்’, மூன்றாவது இடத்தில் முதல் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர். இனிஷியல் வைக்கும் நம்மவர்களுக்கு முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்தாலே குழப்பம்தான். பாலத்தை நாமே அறுத்துவிடுகிறோம்.

நீலசாக்

பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள், காட்டும் பெயர் என்று. தேடலுக்கு மட்டும் உள்ளே துண்டு துண்டாக வைத்துக்கொள்ளலாம்.

இணைப்பதைப் பற்றி: இரண்டு கணக்கை ஒன்றாக்கும்போது எதையும் அழிக்காதீர்கள். ‘இந்த எண் அந்த எண்ணைச் சுட்டுகிறது’ என்று தனி அட்டவணையில் ஒரு வரி. தவறு என்றால் அந்த வரியை எடுத்தால் பழையபடி ஆகிவிடும். மேட்ச் பதிவுகளில் இருக்கும் எண்ணையே மாற்றி எழுதிவிட்டால் பிரிப்பதற்கு வழியே இல்லை. அப்பா, மகன் இருவரையும் ஒன்றாக்கிவிட்டுத் தலையில் கை வைப்பது இப்படித்தான். இணைக்கும் முன் செயலியே இரண்டு சோதனை செய்யணும். இந்த இரண்டு கணக்கும் எப்போதாவது ஒன்றுக்கொன்று எதிராக ஆடியிருக்கிறதா? ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் மேட்ச் இருக்கிறதா? ஏதாவது ஒன்று ஆம் என்றால் இணைக்க விடக் கூடாது.

18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பொதுப் பட்டியலில் முழுப்பெயரும் படமும் வராமல் இருப்பது இயல்பு அமைப்பாக இருக்கட்டும்.

கட்ஷாட்

மூணாவது புகார், அதுதான் முக்கியம். சேண்ட்பேக்கிங். லீக்ல தோத்து எண்ணை இறக்கிட்டு, 550-க்குக் கீழேன்னு போட்ட போட்டியில வந்து பரிசைத் தூக்கிட்டுப் போறது. இதைச் செயலியே புடிச்சுத் தடை பண்ண முடியுமா?

மடக்கை

பிடிக்கலாம், தானாகத் தடை செய்யக் கூடாது. ஒருவரின் கேம்களைப் பரிசுப் போட்டி, சாதாரண லீக் என்று இரண்டாகப் பிரியுங்கள். லீக் கேம்களை மட்டும் வைத்து வந்த எண்ணின்படி, போட்டியில் எத்தனை கேம் ஜெயித்திருக்க வேண்டும் என்று பாருங்கள். உண்மையில் ஜெயித்தது எத்தனை? வித்தியாசத்தை, ஒவ்வொரு கேமின் ஜெயிக்கும் வாய்ப்பையும் தோற்கும் வாய்ப்பையும் பெருக்கிக் கூட்டி, அதன் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஒரு எண் வரும். லீக் எண்ணுக்கும் ஒரு பிழை உண்டு, அதையும் வகுப்பில் சேர்க்கணும். 3-க்கு மேல் போனால் கொடி காட்டலாம்.

ஆனால் 3,000 பேரைச் சோதித்தால், ஒரு தப்பும் செய்யாத நால்வர் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே 3-ஐத் தாண்டுவார்கள். அதனால் கொடி அமைப்பாளருக்கு மட்டும். ஆட்டக்காரர் பக்கத்தில் ஒன்றும் தெரியக் கூடாது.

ரேக்மாஸ்டர்

வேண்டுமென்றே மேட்ச் தோற்பதைவிட அதிகம் நடப்பது வேறு இரண்டு. ஒன்று, நன்றாக ஆடிய போட்டியின் முடிவு செயலிக்கே வராமல் போவது. அதற்கு மருந்து, போட்டியின் பிராக்கெட்டையே (சுற்று வாரியாக யார் யாரோடு என்ற அட்டவணை) செயலியில் நடத்துவது. ஸ்கோர் ஏறாமல் அடுத்த சுற்று திறக்காது. இரண்டாவது, மேட்சை ஜெயித்துக்கொண்டே கேமை விட்டுக்கொடுப்பது. 7–2 என்று முடிக்க வேண்டியதை 7–5 என்று முடித்தால் மேட்ச் வெற்றிக்கு ஒன்றும் குறையாது, ரேட்டிங் இறங்கும். கேமை எண்ணும் முறையின் பலவீனம் இது. அணி லீக்கில் ஒவ்வொரு கேமுக்கும் அணிக்குப் புள்ளி என்று விதி வைத்தால், சக அணியினரே அதற்கு விடமாட்டார்கள்.

படிநிலை அமைப்புகளில் இந்த ஆசை இன்னும் அதிகம். அமெரிக்காவின் ஏபிஏ (அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷன்) லீக்கில் 8-பாலுக்கு 2 முதல் 7 வரை, 9-பாலுக்கு 1 முதல் 9 வரை திறமை நிலைகள். ஐவர் அணியின் கூட்டுத்தொகை 23-ஐத் தாண்டக் கூடாது. ஒருவர் 5-லிருந்து 6-க்கு ஏறினால் அணித்தேர்வே மாறிவிடும். தொடர்ச்சியான எண்ணில் அந்தப் பள்ளம் இல்லை, ஆனால் ‘550-க்குக் கீழே’ என்று நாமே ஒரு கோடு போட்டால் அந்த இடத்தில் பள்ளத்தை நாமே வெட்டுகிறோம். கோடு போடுகிற போட்டிக்கு இன்றைய எண்ணைப் பார்க்காமல் கடந்த 12 மாதத்தின் உச்ச எண்ணைப் பாருங்கள். உச்சத்தை எடுக்கும்போது 200 கேமுக்குப் பிறகு வந்த எண்களை மட்டும் எடுங்கள். இல்லையென்றால் புதியவருக்கு முதல் மாத அதிர்ஷ்டமே வருடம் முழுக்கத் தண்டனையாகிவிடும்.

தினமும் எண் மாறுவதால் இன்னொரு தகராறும் உண்டு. புதன்கிழமை 549, சனிக்கிழமை காலையில் 551. உள்ளே விடலாமா? போட்டியை உருவாக்கும்போதே உறைநிலைத் தேதி, நேரம் என்று கட்டாயப் புலம் வையுங்கள். அந்த நொடியின் எண்கள் அந்தப் போட்டிக்கென்று தனியாகச் சேமிக்கப்படணும். பிறகு பழைய ஸ்கோர் திருத்தப்பட்டாலும் அந்தப் போட்டியின் எண் மாறக் கூடாது.

கட்ஷாட்

ரேஸ் சார்ட்டும் அதோட சேர்த்து வேணும். 100 புள்ளி வித்தியாசம்னா 7-க்கு எவ்வளவு குடுக்கிறதுன்னு ஒவ்வொரு தடவையும் வாக்குவாதம்.

மடக்கை

100 புள்ளிக்கு: 7-க்கும் 4-க்கும் வைத்தால் பலமானவர் ஜெயிக்கும் வாய்ப்பு 56 சதவீதம். 7-க்கும் 3-க்கும் என்றால் 38, ரொம்ப அதிகம் கொடுத்ததாகிவிடும். 6-க்கும் 3-க்கும் என்றால் 47, சமத்துக்கு மிக நெருக்கம். ஒப்பிட்டுப் பார்க்க, 50 புள்ளி வித்தியாசத்தில் ஹேண்டிகேப் இல்லாமல் 7-க்கு ரேஸ் ஆடினால் பலமானவருக்கு 74 சதவீதம்.

சார்ட்டில் ரேஸை மட்டும் போடாமல் இந்தச் சதவீதத்தையும் போடுங்கள். ‘எனக்கு இன்னும் ஒரு கேம் வேணும்’ என்று கேட்பவருக்கு, 56-லிருந்து 38-க்கு இறங்குவதைக் காட்டினால் பேச்சு முடியும்.

ஒன்பதாம்பந்து

பழைய கேம்களின் எடை எப்படி? இளைஞர்கள் வேகமாக முன்னேறுகிறார்கள், ரேட்டிங் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வருகிறது. அரைவாழ்வு (ஒரு கேமின் எடை பாதியாகும் காலம்) 1 வருடம் வையுங்கள்.

மடக்கை

இதில் எனக்கு மாற்றுக் கருத்து. வருடம் 200 கேம் ஆடுகிறவருக்கு, அரைவாழ்வு 3 வருடம் என்றால் கணக்கில் பயனாகும் கேம்கள் நீண்ட காலத்தில் 866, பிழை 10 புள்ளி. 1 வருடம் என்றால் 288 கேம், பிழை 17. எல்லாருடைய எண்ணும் காரணமில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும்.

மறுபக்கமும் உண்மைதான். நீண்டகால ஆட்டக்காரர் திடீரென்று 60 புள்ளி முன்னேறினால், 3 வருட அரைவாழ்வில் ஒரு வருடம் கழித்து ஏறியிருப்பது 12 புள்ளி. 1 வருட அரைவாழ்வில் 30. பதிவே ஒரு வருடம்தான் இருக்கும் இளைஞருக்கு இந்தப் பின்னடைவு இவ்வளவு இருக்காது, அவரைப் பிடித்து இழுக்கப் பழைய கேம்கள் அதிகம் இல்லை.

வாதம் செய்வதைவிடச் சோதித்துவிடலாம். கடைசி 3 மாத கேம்களை ஒளித்துவையுங்கள். மீதியை வைத்து 1, 2, 3, 5 வருடம் என்று நான்கு தடவை பொருத்துங்கள். ஒளித்த ஒவ்வொரு கேமுக்கும், ஜெயித்தவருக்குச் செயலி கொடுத்திருந்த வாய்ப்பின் இயல் மடக்கையை எடுத்து, குறியை மாற்றிச் சராசரி பாருங்கள். எல்லாருக்கும் 50 சதவீதம் என்று கண்ணை மூடிச் சொன்னால் 0.693 வரும். எந்த அரைவாழ்வு அந்த எண்ணை அதிகமாகக் கீழே இறக்குகிறதோ அதை வையுங்கள். 20 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தனியாகவும் பாருங்கள்.

மூலைபாக்கெட்

சோதனையை அடுத்த வாரம் ஓட்டி எண்களை இங்கேயே போடுகிறேன். அதற்கு முன்னால் பழைய தாள்களில் ஸ்பாட் கேம்களைக் கழிக்கணும், இல்லையென்றால் சோதனையே தப்பான தரவின்மேல் நடக்கும். பழைய பதிவுகளில் தொடக்க ஸ்கோர் என்ற புலமே இல்லை. ரேக்மாஸ்டர், போட்டி வாரியாக எது 0–3 முறை, எது 7-க்கும் 4-க்கும் முறை என்று பட்டியல் கிடைக்குமா?

ரேக்மாஸ்டர்

ஹேண்டிகேப் போட்டிகளுக்குக் கிடைக்கும். லீக் தாள்களில் பாதிக்கு மேல் எந்த முறை என்றே எழுதவில்லை. தோற்றவர் பக்கம் 4 அல்லது அதற்கு மேல் இருந்து ரேட்டிங் வித்தியாசமும் 80-க்கு மேல் இருந்தால் அதைச் சந்தேகப் பட்டியலில் தள்ளுங்கள். தாளைத் தேடிப் பார்த்து உறுதியானது மட்டும் உள்ளே போகட்டும், மீதியை எடை 0 என்று வைத்துவிடலாம்.